நிரம்பாத தொட்டி

பெரியகுளம் மாவட்ட முன்சீப் கோர்ட்டில் நான் தாக்கல் செய்த ஒரு பிராதில் வாதி ஒருவர். பிரதிவாதிகள் பதினைந்து பேர். வாதி, தேவதானப்பட்டியை ஒட்டித் தென்னையும் மாவும் வைத்திருந்த ஒரு தோப்புக்காரம்மா. அவருடைய மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம், மூன்று சென்ட் மனைகளில் குடியிருந்தவர்கள் பதினான்கு பேர். பதினைந்தாவது பிரதிவாதி அந்த மனைகளைப் பிரித்து வீடு கட்டி விற்றவர். பிராதின் சாரம் ஒரே வரிதான்: உங்கள் கழிவுநீர் என் கட்சிக்காரரின் கிணற்றுக்குள் வரக் கூடாது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2010-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வழக்கு இது. கிணறு கெட்டுப்போனவருக்கு அன்று பெரும்பாலும் முன்சீப் கோர்ட்தான் வாசல்.

அந்த மண்ணைப் பற்றிச் சொல்லாமல் வழக்கைச் சொல்ல முடியாது. தேவதானப்பட்டி பழனி மலையின் காலடியில் இருக்கிறது. கொடைக்கானல் போகிறவர்கள் டம் டம் பாறையில் நின்று பார்க்கும் எலிவால் அருவியின் தண்ணீர்தான் கீழே மஞ்சளாறாக இறங்குகிறது. அணைப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் கலந்த பூமி. ஆனால் மேல்மண் அதிகம் கிடையாது. சில அடி செம்மண், அதன் கீழே சுக்கான், அதற்கும் கீழே பாறை. பாறையின் வெடிப்புகள் வழியாகத்தான் கிணற்றுக்குத் தண்ணீர் வருகிறது. என் கட்சிக்காரரின் கிணற்றில் அப்படி இரண்டு ஊற்றுக்கண்கள். பெரியது மேற்குச் சுவரில் இருந்தது.

மேற்கே முன்பு இன்னொருவரின் தென்னந்தோப்பு. அது விலைபோய், மனையாகி, வரிசையாக வீடுகள் எழும்பின. ஊரில் பாதாளச் சாக்கடை இல்லை. ஆகவே வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க், பக்கத்தில் ஒரு உறிஞ்சு குழி என்று அனுமதி வரைபடத்தில் முறையாகவே போட்டிருந்தது. வரைபடத்தில் நான் எந்தக் குறையும் காணவில்லை.

வீடுகள் வந்து ஐந்தாறு வருடம் வரை ஒன்றும் தெரியவில்லை. மாடிகள் எழும்பி வாடகைக்கு ஆள் வந்த பிறகு, ஐப்பசி மழையில் கிணறு ஏறும்போதெல்லாம் ஒரு வாடை வரத் தொடங்கியது. ஒரு மாசி மாதம் மூங்கிலணை காமாட்சியம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்த பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் வாந்தி பேதியில் படுத்துவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் அந்த அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு தூக்குவாளி. மூடியைத் திறந்து மேசைமேல் வைத்தார்.

“மோந்து பாருங்க தம்பி. நாப்பது வருசமா குடிச்ச தண்ணி. இத இப்ப மாட்டுக்குக் கூடக் காட்ட மனசு வரல.”

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்தோம். 100 மில்லி குடிநீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. அந்தத் தண்ணீரில் அது இருந்தது. நைட்ரேட்டும் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருந்தது. காய்ச்சிக் குடிக்கலாமே என்று எதிர்த்தரப்பில் பின்னால் ஒரு வாதம் வந்தது. காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறையக்கூடும்.

சட்டம் எங்கள் பக்கம் தெளிவாக இருந்தது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த இடங்களில் சென்னை மாகாணமும் ஒன்று. அதன் 7-ஆம் பிரிவின் உதாரணங்களில், ஒருவர் நிலத்தின் வழியே இயற்கையாக ஓடும் நீரும் கசியும் நீரும் அங்கே வந்து சேருமுன் பிறரால் நியாயமற்ற முறையில் கெடுக்கப்படாதிருக்கும் உரிமை சொல்லப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் இதே கேள்வி மூன்று வருடம் கழித்துத்தான் மேல்முறையீட்டில் முடிவானது. 1885-இல் பல்லார்ட் எதிர் டாம்லின்சன் வழக்கு: தன் கிணற்றுக்குள் கழிவை விட்டவர் ஒருவர், அதனால் தண்ணீர் கெட்ட பக்கத்து பீர் ஆலைக்காரர் ஒருவர். நிலத்தடி நீர் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் அதைக் கெடுக்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது என்று தீர்ப்பானது. இரண்டையும் பிராதோடு சேர்த்தே வைத்தேன்.

சிக்கல் சட்டத்தில் இல்லை; கணக்கில் இருந்தது. பதினான்கு வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து ஆஜரான வழக்கறிஞர் என்னைவிட மூத்தவர், நிதானமானவர். அவர் எழுப்பிய கேள்வி ஒன்றுதான்: “யாருடைய தண்ணீர்?” ஒவ்வொரு வீட்டுக்கும் அனுமதி உண்டு. மிக அருகிலிருந்த உறிஞ்சு குழியே கிணற்றிலிருந்து அறுபதடிக்கு மேல் தள்ளித்தான் இருந்தது. குடிநீர்க் கிணற்றுக்கு 18 மீட்டருக்குள் உறிஞ்சு குழி கூடாது என்கிறது இந்தியத் தர நிறுவனத்தின் விதி. அறுபதடி என்றால் அதைத் தாண்டிவிட்டது. ஒருவரும் விதியை மீறவில்லை. பிறகு யார்மேல் உறுத்துக்கட்டளை பிறப்பிப்பது?

இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமித்தது. பச்சைச் சாயம் கரைக்க நீதிமன்ற அனுமதி வாங்கியிருந்தோம். ஆணையர், இரு தரப்பும் பார்க்க, வரிசையின் நடுவிலிருந்த ஒரு வீட்டுக் கழிப்பறையில் அதை ஊற்றினார். நான் எதிர்பார்த்தது வாரக் கணக்கில் காத்திருப்பதை. அந்த வாரம் முடிவதற்குள் மேற்கு ஊற்றுக்கண்ணுக்குக் கீழே கிணற்றுச் சுவரில் ஒரு கை அகலத்துக்குப் பச்சை வழிந்திருந்தது. அந்தத் தெருவிலிருந்தே ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஒரு பெண் மட்டும், “நம்ம வீட்டுதா இது?” என்று கணவரிடம் கேட்டார். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அசரவில்லை. நிரூபணமானது அந்த ஒரு வீடுதான், மற்ற பதின்மூன்று பேரை விடுவியுங்கள் என்றார். அந்த ஒரு வீட்டின் கசிவு மட்டுமென்றால் கிணறு தாங்கியிருக்கும் என்பதால் அவரையும் விடுவியுங்கள் என்றார். நல்ல வாதம். அதை உடைக்க எனக்கு 1894-ஆம் ஆண்டின் லாம்ப்டன் எதிர் மெல்லிஷ் வழக்குதான் கைகொடுத்தது. ஒருவர் வீட்டருகே இரண்டு கடைக்காரர்கள் ராட்டினத்துக்காக ஆளுக்கொரு இசைப்பெட்டியை ஓயாமல் அலறவிட்டார்கள். என் பெட்டியின் சத்தம் சின்னது, தனியாக அது தொல்லையே இல்லை என்றார் ஒருவர். மற்றவரும் வாசிக்கிறார் என்று தெரிந்தே நீயும் வாசிக்கிறாய், இருவரின் பங்கும் சேர்ந்துதான் தொல்லை, ஆகவே இருவரும் நிறுத்துங்கள் என்றது நீதிமன்றம்.

என் வாதம் முழுக்க இதன்மேல்தான் நின்றது. சட்டமும் அனுமதியும் ஒரு வீட்டை, ஒரு குழியை, ஒரு அளவுநாடாவைப் பார்க்கின்றன. தண்ணீர் அப்படிப் பார்ப்பதில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்று மத்திய அரசின் அன்றைய குடிநீர்க் கையேடு கணக்கு வைத்திருந்தது. மாடியும் கீழுமாகப் பதினான்கு வீட்டிலும் எழுபது பேருக்குக் குறையவில்லை. கிட்டத்தட்ட ஐயாயிரம் லிட்டர் தண்ணீர் தினமும் அந்தத் தெருவுக்குள் வருகிறது. அதில் பெரும்பகுதி முக்கால் ஏக்கர்கூட இல்லாத நிலத்துக்குள் இறங்குகிறது. தோப்பாக இருந்தபோது அங்கே ஒரு காவல் குடிசை மட்டும் இருந்தது. அந்தக் குடிசையின் கழிவை மண் தானே சுத்தம் செய்துகொண்டது. இதை நான் இன்றும் பலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது: செப்டிக் டேங்க் கழிவுநீரை முழுதாகச் சுத்தம் செய்வதில்லை. கெட்டியானதை அடியில் தங்கவைக்கும், மிதப்பதைத் தடுக்கும், அவ்வளவுதான். வெளியே வரும் தண்ணீரில் கிருமி பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதைச் சுத்தம் செய்வது காய்ந்த மண். அந்த மண் இல்லாத இடத்தில், வெடிப்புப் பாறையில், உறிஞ்சு குழி போடுவது பொருந்தாது என்று 18 மீட்டர் சொல்கிற அதே விதிநூலே சொல்கிறது. எதிர்த்தரப்பு தாக்கல் செய்த ஆவணத்திலிருந்தே அந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன்.

வழக்கு உண்மையில் திரும்பியது முதல் பிரதிவாதியின் குறுக்கு விசாரணையில். மளிகைக் கடை வைத்திருந்தவர், பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

“வீட்டுக்கு வந்து எத்தனை வருடம்?”

“ஒன்பது வருசம் சார்.”

“எத்தனை பேர் புழங்குகிறீர்கள்?”

“கீழ நாங்க அஞ்சு பேர். மாடியில வாடகைக்கு நாலு பேர்.”

“லாரி வைத்து எத்தனை முறை டேங்க் எடுத்திருக்கிறீர்கள்?”

“ஒரு தடவைகூட இல்ல சார். அந்தளவுக்கு நல்ல டேங்க். நெறையவே நெறையாது.”

அவர் பெருமையாகத்தான் சொன்னார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது பேர் புழங்கும் செப்டிக் டேங்கில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடு எடுத்தே ஆக வேண்டும். நிரம்பாத தொட்டிக்கு அடி இல்லை என்று பொருள். ஆணையர் மறுபடி போனார். மூடியைத் திறந்து கம்பி விட்டுப் பார்த்தபோது எல்லா வீட்டிலும் ஒரே கதை: சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடிக்குத் தளம் போடாமல் விட்டிருந்தார்கள். வரைபடத்தில் இருந்த இரண்டு அறைத் தொட்டி எங்குமே இல்லை. உறை இறக்கிய மேஸ்திரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினோம். “தளம் போட்டா சீக்கிரம் நெறஞ்சிரும், அப்பறம் லாரி செலவு வரும்னு எல்லாரும் இப்படித்தான் கேக்குறாங்க” என்றார்.

அன்றைக்கே தீர்ப்புக் கேட்டிருந்தால் எங்களுக்கு ஜெயம். ஆனால் ஜெயித்து என்ன செய்வது? பதினான்கு குடும்பங்களின் கழிப்பறையைப் பூட்டச் சொல்லும் உத்தரவை எந்த அமீனா போய் நிறைவேற்றுவார்? வங்கிக் கடனில் வாங்கிய வீடு. கழிவை அனுப்ப ஊரில் குழாய் இல்லை. ரத்லாம் நகராட்சி வழக்கில் 1980-இல் நீதிபதி கிருஷ்ணய்யர், பணமில்லை என்பது நகராட்சிக்குச் சாக்காகாது என்று தீர்ப்பளித்தார். அது ஒரு நிர்வாக அமைப்பைப் பார்த்துச் சொன்னது. மளிகைக்கடைக்காரரைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் கட்சிக்காரருக்கும் வரவில்லை. “அதுகளும் பிள்ளைகுட்டிக்காரங்கதான். என் தண்ணி நல்லாகணும், அவ்வளவுதான்” என்றார்.

ஆகவே சமரசம் பேசினோம். பல வாய்தாக்கள் அதிலேயே கழிந்தன. மனை விற்றவரிடம் விலைபோகாத ஒரு மனை தெருவின் தாழ்ந்த கோடியில் மிச்சம் இருந்தது. அடியில்லாத தொட்டிகளுக்குப் பொறுப்பு அவர்தான் என்பது சாட்சியத்தில் வெளிவந்துவிட்டதால் அதை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டார். குழாய்ச் செலவையும் ஏற்றார். மதுரையிலிருந்து ஒரு பொறியாளர் வந்து வரைபடம் போட்டார். புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை தன் கழிவுநீரை இப்படித்தான் தன் வளாகத்திலேயே சுத்தம் செய்கிறது என்று அவர்தான் விளக்கினார். பதினான்கு வீட்டுக் கழிவும் ஒரே குழாயில் வந்து, தளம் போட்ட ஒரு வண்டல் தொட்டியில் தங்கும். அங்கிருந்து தடுப்புச் சுவர்கள் வைத்த அறைகளுக்குள் மேலும் கீழுமாக ஏறி இறங்கும். கடைசியில் கல்வாழை நட்ட ஜல்லிப் படுகையில் வேரோடு வேராக ஊர்ந்து வெளியேறும். மோட்டார் கிடையாது, கரண்ட் பில் கிடையாது. பராமரிப்புக்கு வீட்டுக்கு ஒரு மாதப் பங்கு.

சமரச மனுவின் ஷரத்துகளில் மூன்றை நான் விடாப்பிடியாக வைத்தேன். பழைய உறைக் குழிகளைக் கசடு எடுத்து, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். தொட்டிக்குள் எக்காரணம் கொண்டும் ஆள் இறங்கக் கூடாது, இயந்திரம்தான். செப்டிக் டேங்கில் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது பிறகுதான். ஆனால் விஷவாயுவில் மனிதர் சாவதை நாங்கள் அதற்கு முன்பே பார்த்துக்கொண்டுதானே இருந்தோம். மூன்றாவது, உறுத்துக்கட்டளையை வீட்டுக் கணக்கில் எழுதாமல் லிட்டர் கணக்கில் எழுதுவது. அந்த அமைப்பு தாங்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் அந்த நிலத்துக்குள் இறங்கக் கூடாது என்று தீர்ப்பாணையில் இருக்கிறது. எதிர்த்தரப்பு மூத்தவர் அதைப் படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் எழுதியபடி நடந்துவிடவில்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு வருடத்துக்கு மேல் இணைப்புக் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். கிணற்றை இறைத்து, தூர்வாரி, மறுபடி இறைத்து, இரண்டு மழைக்காலம் கடந்த பிறகுதான் ஆய்வக அறிக்கை சுத்தமாக வந்தது. குடிப்பதற்கு அந்த அம்மா அப்போதும் தயங்கினார். மாட்டுக்குக் காட்டினார், சமையலுக்கு எடுத்தார், பிறகு ஒரு நாள் குடித்தார்.

தமிழ்நாடு அரசு கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது 2014-இல். மாநிலத்தின் முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் கருங்குழி பேரூராட்சியில் 2017-இல் வந்தது. லாரிக்காரர் இரவில் ஓடையோரம் திறந்துவிட்டுப் போகும் நிலையை மாற்ற அவை வேண்டும். ஆனால் லாரி வராத, அடியில்லாத தொட்டிக்கு அந்த நிலையங்களால் ஒன்றும் ஆகாது. ஒரு மனைப்பிரிவு விலைபோகுமுன், அங்கே எத்தனை பேர் குடியிருப்பார்கள், அவர்கள் விடும் தண்ணீரை அந்த மண் தாங்குமா என்று கேட்கும் இடம் அனுமதி மேசைதான். இன்றும் பெரும்பாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகத்தான் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது.

அந்த அம்மா இப்போது இல்லை. சென்ற வருடம் அவருடைய மகன் வந்தார். தெருவில் நான்கு வீடுகளில் இரண்டாவது மாடி எழும்பிவிட்டது, ஜல்லிப் படுகை தாங்காமல் மேலே தண்ணீர் தேங்குகிறது என்றார். நிரந்தர உறுத்துக்கட்டளையை நிறைவேற்றக் கேட்பதற்குக் காலவரம்பு கிடையாது. பழைய தீர்ப்பாணையின் நகலை எடுத்து நிறைவேற்றுமனு போட்டிருக்கிறோம். படுகையைப் பெரிதாக்க ஆகும் செலவை மாடி கட்டிய நால்வரும் ஏற்பதா, பதினான்கு பேரும் ஏற்பதா என்பதுதான் இப்போது பேச்சு. மளிகைக்கடைக்காரர் இரண்டாவது மாடி கட்டவில்லை. ஆனாலும் தன் பங்கைத் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.