பிறர் ஊர்த் திருவிழாக்கள்

ஐயப்பன்தாங்கலில் நான் குடியேறியதற்குக் காரணம் அங்குள்ள பேருந்துப் பணிமனைதான் என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். மெல்லிசைக் குழுவில் வயலின் வாசிப்பவன் வீடு தேடும்போது போடும் கணக்கே வேறு. நள்ளிரவு தாண்டிக் கச்சேரி முடிந்து, விடியுமுன் பூந்தமல்லியில் வேனிலிருந்து இறக்கிவிடப்பட்டால் எத்தனை விரைவில் போய்ப் படுக்கலாம் என்பதே அவனுக்கு முக்கியம். வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகை ஏற ஏற எங்களில் பலர் வளசரவாக்கம், போரூர் என்று மேற்கே நகர்ந்தோம். நான் ஐயப்பன்தாங்கலில் வந்து நின்றேன். முதல் பேருந்துகள் உறுமிப் புறப்படும் வேளையில் நான் கதவைத் தட்டுவேன். ஊரார் வேலைக்குக் கிளம்பும் நேரம் எனக்கு உறங்கும் நேரமாயிற்று. இப்படியே நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

எங்களுடைய ஆண்டு, நாட்காட்டியில் உள்ள ஆண்டு அன்று. பங்குனி தொடங்கி வைகாசி வரை கோயில் விழாக்கள். ஆடியில் அம்மன் கோயில்கள். ஆவணியிலும் தையிலும் திருமண வரவேற்புகள். ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை, அன்னையின் பெயர் தாங்கிய ஆலயமுள்ள ஊர்களிலெல்லாம் எங்களுக்கு மேடை உண்டு. சென்னையின் சபாக்கள் இசையால் நிரம்பி வழியும் மார்கழியில், சில கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகள் தவிர, மெல்லிசைக்காரனுக்கு ஓய்வுதான். கோயில் விழாவென்றால் விநாயகர் பாடலோடு தொடங்குவோம். தேவாலயமென்றால் மாதா பாடல். தர்கா விழாவென்றால் நாகூர் ஹனிபா. மூன்றுக்கும் அதே வயலின்தான். சமய நல்லிணக்கத்தைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசக் கேட்டிருக்கிறேன். பேசியவர்கள் இறங்கிய பிறகு அதே மேடையில் நாங்கள் சுருதி சேர்ப்போம்.

இந்தத் தொழிலுக்கு ஒரு குலப்பெருமை உண்டு. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன், பொதுவுடைமைக் கட்சி மேடைகளுக்காகத் தம்பிமாரையும் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராய்ப் பாடித் திரிந்தவர். பதினான்கு வயதில் அந்தக் குழுவில் சேர்ந்த தம்பி, குரல் உடையாத பருவமாதலால் பெண் குரல் பாடல்களைப் பாடினார். 1968-இல் சென்னைக்கு வந்து, 1976-இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்து, 2025 மார்ச் 8-இல் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றிய இளையராஜாதான் அந்தத் தம்பி. எங்கள் வேனில் தூக்கம் வராத இரவுகளில் இந்தக் கதையைச் சொல்லாத குழு இருக்காது. ஆயினும் அண்ணன் பாவலர் 1973-லேயே, தம்பியின் ஒரு படமும் வெளிவருமுன்பே, மறைந்து போனார் என்ற பகுதியைச் சொல்பவர்கள் குறைவு. எனக்கு அந்தப் பகுதிதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

வயலின் வீட்டில் இருப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவியோ என்று சில சமயம் தோன்றும். கடற்கரை ஊர்களில் ஈரக்காற்றுப் பட்டவுடன் வில்லின் மயிர் தளர்ந்துவிடும். மேடை விளக்குகளின் வெப்பத்திலோ முறுக்காணி வழுக்கி, பாட்டின் நடுவில் தந்தி இறங்கிவிடும். மழைக்குப் பிந்திய இரவுகளில் ஈசல்கள் விளக்கை மொய்த்துச் சிறகுதிர்ந்து வயலின் மேல் விழும். வில்லை எடுக்காமலே ஊதித் தள்ளக் கற்றுக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் எந்த இசைப்பள்ளியிலும் கற்றுத்தராத பாடங்கள்.

அந்நாளில் தேர்ப்பவனி முடிந்து, ஆலயத்துக்குள் சுரூபம் சேர்ந்த பிறகுதான் எங்கள் முறை வரும். பத்தரைக்குத் தொடங்கி விடியும் வரை வாசித்திருக்கிறோம். 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை விதித்தன. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது பின்னர் வந்த திருத்தம். நோயாளிகளையும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளையும் எண்ணினால் அது சரியென்றே படுகிறது. எங்களுக்கும் அதனால் உறக்கம் கிடைத்தது; வருமானம்தான் சற்றுச் சுருங்கியது.

வருமானத்தை உண்மையில் சுருக்கியது வேறொன்று. நான் சேர்ந்த காலத்தில் குழுவில் மூன்று வயலின்கள். டோலக், தபேலா, பாங்கோ, டிரம்ஸ் என்று தாளத்துக்கு மட்டும் ஐந்து பேர். எண்பதுகளில் ரோலண்ட் நிறுவனத்தின் ஆக்டபேட் வந்தது. எட்டுச் சதுரங்களைக் குச்சியால் தட்டினால் எல்லாத் தோற்கருவிகளும் அதற்குள்ளிருந்து பேசின. கீபோர்டில் ஒரு பொத்தானுக்குள் இருபது வயலின்கள் அடங்கின. ஐவர் ஒருவரானார்கள். எங்கள் டோலக்காரர் திருவள்ளூர்ப் பக்கம் காய்கறி வியாபாரத்துக்குப் போனார். தனியாக வயலின் வரும் பாடல்களுக்காக என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கருவியைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதைத் தட்டும் பையனுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் டோலக்கை மடியில் வைத்து அவர் இழுக்கும் அந்தக் குழைவு அப்பெட்டிக்குள் இல்லை என்பதை எந்த மேடையிலும் சொல்வேன்.

ஆஸ்திரிய இசைமேதை ஹைடன் 1772-இல் ஒரு சிம்பொனி எழுதினார். அவருடைய புரவலரான எஸ்தெர்ஹாசி இளவரசர் கோடைமாளிகையை விட்டுக் கிளம்ப மனமில்லாமல் தங்கிவிட, மனைவி மக்களை ஐசன்ஸ்டாட் நகரில் விட்டு வந்த வாத்தியக்காரர்கள் ஏங்கிப் போனார்கள். கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராகத் தம் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போகும்படி அமைத்தார் ஹைடன். முடிவில் இரண்டு வயலின்கள் மட்டுமே மிஞ்சின. இளவரசருக்குப் புரிந்தது, மறுநாளே ஊர் திரும்ப ஆணையிட்டார் என்பார்கள்.

எங்களுக்கு அப்படி எழுந்து போகும் வழியில்லை. 1998-இல் தூத்துக்குடி மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் மேடையில் இருந்தபோது, பங்குத்தந்தையின் இல்லத் தொலைபேசிக்கு என் தந்தையார் இறந்த செய்தி வந்தது. மணி பதினொன்று. கடைசிப் பேருந்து போய்விட்டது. இனி விடியற்காலை நாலரைக்குத்தான். "வாசிக்கிறியாப்பா, கீழ உக்காந்திருக்கியா?" என்று கேட்டார் மாஸ்டர். கீழே போனால் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். மேலே கூடப் பதினான்கு பேர் இருந்தார்கள். வாசித்தேன். முன்வரிசையில் ஒருவர் ஒரு காதல் பாடலை மறுபடி கேட்டார், அதையும் வாசித்தேன். அவர்கள் ஊருக்கு அன்று ஆண்டுக்கொரு நாள். முடிந்தபின், விஷயம் எப்படியோ தெரிந்த மீனவத் தாய் ஒருத்தி தூக்குச்சட்டியில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றாள். மறுநாள் மாலை நான் போய்ச் சேரும்வரை அடக்கத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் பண்டிகைகள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் வரும். உயிர்ப்பு ஞாயிறு, பிள்ளைகளின் பிறந்தநாள், திருமண நாள் யாவும் நான் வீட்டிலிருக்கும் நாளுக்குத் தள்ளிப்போடப்பட்டன. மகள் சிறுமியாயிருந்தபோது மற்ற வீடுகளிலும் அப்படித்தான் என்று எண்ணியிருந்தாளாம்.

இவ்வாண்டும் வேளாங்கண்ணி நாட்களுக்கான பக்கங்களில் ஊர்ப்பெயர்கள் எழுதியாயிற்று. எங்கள் பங்குத் திருவிழாவுக்கும் கச்சேரி உண்டு. தென்மாவட்டத்திலிருந்து வேறொரு குழு வருகிறது. அன்று நான் திண்டிவனம் பக்கம் இருப்பேன். ஊரெல்லாம் உண்டு முடித்தபின் ஆறிய சோறுதான் வாத்தியக்காரர்களுக்குக் கிடைக்கும் என்பதை என் வாயால் பலமுறை கேட்டவள் என் மனைவி. வருகிற குழுவினர் பதினொரு பேருக்கும் மேடை ஏறுமுன் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு என்று விழாக் குழுவிடம் அவள் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.