சத்தம் போடாத கேமரா

அக்டோபர் 3, வெள்ளி

என் நிக்கான் டி750 கேமராவைக் கொடுத்துவிட்டேன். சிங்கப்பூர் சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா பிளாசாவில் ஒரு கடை. ஷட்டர் எண்ணிக்கையைப் பார்த்தார்கள், லென்ஸ் மாட்டும் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள், விலை சொன்னார்கள். கைமாறிய இசட்6 II ஒன்றும் எஃப்டிஇசட் அடாப்டரும் வாங்கிக்கொண்டேன். லென்ஸ்களை விற்க மனம் வரவில்லை.

1959-இல் வந்த நிக்கானின் எஃப் மவுண்டில் லென்ஸ் வாய்க்கும் சென்சாருக்கும் இடையே 46.5 மிமீ. கேமராவுக்குள் கண்ணாடி எழுந்து இறங்க அவ்வளவு இடம் வேண்டும். 2018-இல் வந்த இசட் மவுண்டில் கண்ணாடி இல்லை, 16 மிமீ போதும். மிச்சமுள்ள 30.5 மிமீயை நிரப்புவதுதான் அடாப்டரின் வேலை. என் பழைய 85 மிமீ டி லென்ஸுக்கு ஃபோகஸ் மோட்டார் டி750-க்குள் இருந்தது. அடாப்டரில் மோட்டார் கிடையாது. இனி அதைக் கையால் திருப்ப வேண்டியதுதான்.

அக்டோபர் 5, ஞாயிறு

சிராங்கூன் ரோட்டில் தீபாவளி விளக்குகள். வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் எடுப்பதற்கு முன்பே வியூஃபைண்டரில் தெரிந்துவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே மாறியிருக்கலாம். ஆனால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் எல்இடி தோரணங்களின் குறுக்கே கருப்புப் பட்டைகள். சென்சார் வரிவரியாகப் படிக்கிறது, அதற்குள் விளக்கு துடித்து அடங்கிவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றியதும் பட்டைகள் போய்விட்டன.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. நிக்கான் கணக்கில் டி750-க்கு 1,230 படங்கள், இதற்கு வியூஃபைண்டர் வழியாக 340.

அக்டோபர் 11, சனி

புரட்டாசிச் சனி. ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலில் வரிசை வெளியே வரை. அனுமதி கேட்டு ஓரமாக நின்று எடுத்தேன். தீபாராதனையின்போது டி750-இன் டப்பென்ற சத்தத்துக்கு யாராவது கண் திறப்பார்கள், எனக்குக் கூசும். இன்று சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்ததால் ஒருவரும் திரும்பவில்லை. கண் மூடியபடி உதடு அசையும் ஒரு பாட்டியின் முகத்தை முதல்முறையாகக் கலைக்காமல் எடுத்தேன். தவில்காரரை மட்டும் இந்த முறையில் எடுக்கக் கூடாது: கையில் நேராக இருந்த குச்சி படத்தில் வில்லாக வளைந்துவிட்டது.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. கேம்பல் லேனில் நகர இடமில்லை. பூக்கடையில் ஒரு அண்ணன் மல்லிகையை நாரில் வைத்து, விரலால் ஒரு சுற்று, ஒரு இழுப்பு, அடுத்த பூ. பார்க்காமலே கட்டுகிறார். சத்தமில்லாமல் எடுத்திருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே கூடும் வெளிநாட்டு ஊழியர்களும் வேடிக்கைப் பொருள் அல்லர். படம் எடுத்தார்கள் என்று தெரிந்தால்தான் வேண்டாம் என்று சொல்லவாவது முடியும். மெக்கானிக்கல் ஷட்டரில் எடுத்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், “காட்டுங்க தம்பி” என்றார். காட்டினேன். “கை மட்டும் இன்னொண்ணு எடுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து கேமரா டயலில் இரண்டு அமைப்புகளைப் பதிந்து வைத்தேன். யு1 கோயிலுக்கு, சத்தமில்லாமல். யு2 தெருவுக்கு, சத்தத்தோடு.