வானொலிக்காரர்களை யார் ஆராய்வது?

திருத்தணிப் பக்கம் கே.ஜி.கண்டிகையில் இருக்கும் அக்கா மகனுக்கு என்மேல் தீராத எகத்தாளம். "டி.வி. பாக்கறதுக்கு வருஷா வருஷம் பவுண்டுல தண்டம் அழறீங்களே மாமா, இங்க தூர்தர்ஷன் சும்மாதானே வருது?" என்கிறான். லண்டனிலும் இதே புலம்பல்தான். அந்தக் கட்டணம் போய்ச்சேரும் பிபிசி மீது எனக்கும் ஆயிரம் குறை உண்டு. ஆனால் ஒரு காரியத்துக்காக முணுமுணுக்காமல் கட்டுவேன்: தன்னை ஆராய வந்தவரை அது உள்ளே விட்டது.

ஜார்ஜினா பார்ன் என்ற மானுடவியலாளர் 1990களில் பிபிசிக்குள் போய், நாடகப் பிரிவிலும் செய்திப் பிரிவிலும் கூடவே இருந்து குறிப்பெடுத்தார். 2004இல் அது 'அன்செர்ட்டன் விஷன்' என்ற தடித்த நூலாக வந்தது. தலைமை இயக்குநர் ஜான் பர்ட் உள்சந்தை முறையைக் கொண்டுவந்து, ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்கு பில் போட்ட காலம் அது. சொந்த நூலகத்தில் இசைத்தட்டு இரவல் வாங்குவதைவிடக் கடையில் புதிதாக வாங்குவதே மலிவு என்று ஊழியர்கள் தலையிலடித்துக்கொண்ட கதையை இன்றும் சொல்வார்கள். திருத்தணியில் மூலவருக்கு நைவேத்தியம் அனுப்ப மடப்பள்ளி ரசீது போட்டால் எப்படி இருக்கும்?

பிபிசி ஒன்றும் பெருந்தன்மையின் வடிவமல்ல. சமூகவியலாளர் டாம் பர்ன்ஸ் 1963இல் செய்த ஆய்வை வெளியிட விடாமல் தடுத்ததும் அதுதான். பத்தாண்டு கழித்து அவரையே மறுபடி உள்ளே விட்டது. நூல் 1977இல் வந்தது.

அதற்காக நம்மைக் குறைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது. 1975 ஆகஸ்டில் 'சைட்' திட்டத்தில் செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களின் சுமார் 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனபோது, சில கிராமங்களில் மானுடவியலாளர்களைத் தங்கவைத்து ஊரில் என்ன மாறுகிறது என்று பார்த்தோம். பிறகு சென்னைத் தொலைக்காட்சியின் 'எதிரொலி'யில் நேயர் கடிதங்களுக்கு நிலைய இயக்குநரே பதில் சொன்னார். எங்கள் தெருவே கூடி உட்கார்ந்து பார்த்தது.

ஆனால் நாம் ஆராய்ந்தது கிராமத்தை, நிலையத்தை அல்ல. நெருக்கடிநிலை நடந்த அதே காலத்தில் செய்தியறையில் யார் எதை வெட்டினார், யாருடைய தொலைபேசிக்கு யார் எழுந்து நின்றார் என்று பக்கத்தில் இருந்து குறிக்க ஒருவர் இருந்திருக்க வேண்டாமா? தூர்தர்ஷனையும் வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதி 1997 முதல் தன்னாட்சி அமைப்பு என்கிறது சட்டம். அதை மேசையருகே இருந்து பார்த்தவர் அல்லவா சொல்லவேண்டும்!

சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் துறை இருக்கிறது. பல்கலைக்கழகம் இருக்கும் காமராஜர் சாலையில்தான் வானொலி நிலையமும் இருக்கிறது. ஒரு மாணவியை ஓராண்டு உள்ளே உட்காரவைக்க ஆகும் செலவு ஒரு நாற்காலி. அதைப் போட்டுவிட்டு என் பவுண்டுகளைக் கேலி செய்யட்டும் மருமகன்.