இழுப்பறையில் இருக்கும் கறுப்பு

முதல் ஓவிய வகுப்பிலேயே சார் என் பெட்டியிலிருந்து ஐவரி பிளாக் ட்யூபை எடுத்துத் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

“இம்ப்ரஷனிஸ்ட்டுங்க கறுப்பைத் தொட்டதே இல்ல. அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் கலந்துக்குங்க, போதும்.”

நான் பார்த்து வரைய எடுத்துப்போனதோ, எதுவார் மனே 1872-ல் வரைந்த, சக ஓவியர் பெர்த் மொரிசோவின் உருவப்படம். கறுப்பு உடை, கறுப்புத் தொப்பி, கழுத்தில் கறுப்பு நாடா. நெஞ்சருகே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சின்ன வயலட் பூங்கொத்து.

மூன்று வாரம் கலந்தேன். நீலம் கூடினால் கடற்படைச் சீருடை. அம்பர் கூடினால் காபி டிகாக்‌ஷன். எப்படியோ பதம் வந்த நாளிலும், காய்ந்த பிறகு பார்த்தால் திட்டுத் திட்டாக மங்கிக் கிடக்கும்.

“இந்த விதி யார் சொன்னது சார்?”

“எங்க வாத்தியார்.”

“அவருக்கு?”

“அவரோட வாத்தியார்.”

அதற்குமேல் அவர் நகரவில்லை. எரிச்சலில் நானே தேடத் தொடங்கினேன். முதலில் அகப்பட்டது குளோத் மோனே 1905-ல் தன் ஓவிய வணிகர் துராந் ரூயெலுக்கு எழுதிய கடிதம். தான் பயன்படுத்தும் வண்ணங்களை அதில் சொல்கிறார்: ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன், மேடர், கோபால்ட் நீலம், எமரால்ட் பச்சை. அவ்வளவுதான். கறுப்பு இல்லை. சார் கட்சி ஜெயித்துவிடும் போலிருந்தது. ஆனால் அப்போது மனே இறந்து 22 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவரிடம் கறுப்பு தாராளமாகவே இருந்தது.

மறுவாரம் இதைச் சொன்னேன். “மனே இம்ப்ரஷனிஸ்ட்டே இல்லீங்க” என்றார் சார். உண்மைதான். 1874 முதல் 1886 வரை இம்ப்ரஷனிஸ்ட்டுகள் நடத்திய 8 கண்காட்சிகளில் ஒன்றில்கூட மனே கலந்துகொள்ளவில்லை. அந்தக் கறுப்பு உடையில் உட்கார்ந்திருக்கும் மொரிசோ ஏழில் கலந்துகொண்டார் என்றேன். “அவங்க உடுத்தினாங்க, பூசலையே!” இந்த மனிதரை என்ன செய்வது?

விதியின் வேரைத் தேடிப் பின்னால் போனதில் ஓவியரே அல்லாத ஒருவரிடம் வந்து நின்றேன். மிஷேல் செவ்ரூல், வேதியியலாளர். 1824-ல் பாரிஸின் கோபலான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர். அவர்முன் வந்த புகார்களில் ஒன்று, கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்பது. சோதித்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்தன. அந்தப் புகாரிலிருந்து கிளம்பிய ஆராய்ச்சி, 1839-ல் வண்ணங்களின் அண்டைப் பகையைப் பற்றிய பெரிய புத்தகமானது.

படிப்பதை நிறுத்திவிட்டு என் கேன்வாஸைப் பார்த்தேன். மனே பின்புலத்தை நீலமோடிய வெளுப்பாக விட்டிருக்கிறார். நான் அழகாக இருக்கட்டுமே என்று சந்தன நிறம் பூசியிருந்தேன். மஞ்சள் சாயல் தன் அண்டையில் உள்ள கருமையை நீலத்துக்குத் தள்ளும். கடற்படைச் சீருடை வந்த வழி அதுதான்! பின்புலத்தைச் சுரண்டிவிட்டு வெளிர்நீலச் சாம்பல் பூசினேன். உடையில் கைவைக்கவே இல்லை, அது கறுப்பாகிவிட்டது. சாரை மடக்கப் போய் அவர் கட்சிக்கே சாட்சியாகிவிட்டேன்.

சார் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு போய் இழுப்பறையைத் திறந்து, ட்யூப் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்தார்.

“கண்ணு மட்டும் வரல சார்.”

படத்தை இன்னொரு முறை பார்த்தார். ட்யூபைத் திருகி, என் பேலட்டில் கடுகளவு வைத்துவிட்டு, மறுபடியும் பூட்டினார்.