பழைய பக்கம்

2004ஆம் ஆண்டில் எங்கள் வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தன. உடனே எங்களை வசதியான குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்று, நான் தவணை முறையில் வாங்கியது. மற்றொன்று, ஓர் அலுவலகத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய பெட்டி. கோல சிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தைக்குச் செல்லும் சாலையை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு இருந்தது. அந்தப் பட்டணத்திற்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அப்பா செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர். அம்மா உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்குச் சென்றார்.

அதிவேக இணையம் அப்போது எங்கள் தோட்டத்தை எட்டவில்லை. தொலைபேசிக் கம்பி வழியாக 1515 என்ற எண்ணை அழைத்தால் மோடம் கீச்சிட்டு, இரைந்து, ஒரு வழியாக இணைப்புக் கிடைக்கும். விநாடிக்கு 56 கிலோபிட் என்று மோடத்தின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். எங்கள் கம்பியில் அதில் பாதி வந்தாலே பெரிய காரியம். இடி இடித்தால் அம்மா ஓடிவந்து கம்பியைப் பிடுங்கிவிடுவார். இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் கட்டணம் ஏறும். மாதக் கடைசியில் அப்பா எதுவும் பேசமாட்டார். தொலைபேசி பில்லை மடித்து என் மேசைமேல் வைப்பார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

செலவைக் குறைக்க வழி தேடியபோதுதான் ஸ்குவிட் என்ற மென்பொருளைப் பற்றிப் படித்தேன். 1996இல் வெளிவந்த இலவச மென்பொருள் அது. ஸ்குவிட் என்றால் கணவாய். பழைய பெட்டியில் லினக்ஸை ஏற்றி, அதன்மேல் ஸ்குவிட்டை நிறுவினேன். அன்றிலிருந்து தம்பி அந்தப் பெட்டியைச் 'சோத்தோங்' என்றே அழைத்தான்.

அதன் வேலை என்ன? தோட்டத்து மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளாளுக்குப் பேருந்து ஏறிப் பட்டணம் போகாமல், கடைக்காரரே ஒருமுறை போய்ச் சரக்கு வாங்கி வைக்கிறார். நாம் அவரிடம் வாங்கிக்கொள்கிறோம். ப்ராக்சி வழங்கியும் அப்படித்தான். உலாவி கேட்கும் பக்கத்தை அதுவே இணையத்திலிருந்து வாங்கித் தருகிறது. ஒரு நகலைத் தன் வன்தட்டிலும் சேமித்து வைக்கிறது. அடுத்த முறை அதே பக்கத்தைக் கேட்டால் உள்ளிருந்தே எடுத்துத் தரும். இன்று பெரும்பாலான தளங்கள் பக்கங்களை மறையாக்கம் செய்து அனுப்புவதால், வீட்டில் வைக்கும் இத்தகைய ப்ராக்சியால் அவற்றைப் பிரித்துச் சேமிக்க இயலாது. ஆனால், உங்கள் திறன்பேசியின் உலாவி இதே வேலையைத் தனக்குள் செய்துகொண்டுதான் இருக்கிறது.

முதல் நாளே சோத்தோங் என்னை உள்ளே விடவில்லை. என் கணினியின் உலாவியில் பழைய பெட்டியின் முகவரியையும் 3128 என்ற வாயில் எண்ணையும் சரியாகத்தான் கொடுத்திருந்தேன். ஆனாலும், 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற செய்தியே வந்தது. வீட்டுக் கணினிகளை அனுமதிக்கும் வரியை அமைப்புக் கோப்பில் எழுதியிருந்தேனே! மூன்று இரவுகள் போராடிய பிறகு பிழை தெரிந்தது. ஸ்குவிட் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். பொருந்தும் முதல் விதியோடு நின்றுவிடும். 'எல்லாரையும் தடு' என்ற வரிக்குக் கீழே என் வரியை எழுதியிருந்தேன். அதனை மேலே நகர்த்தியதும் கதவு திறந்தது.

அடுத்த மாதம் பில் குறைந்தது. எனக்குப் பேராசை வந்தது. சேமித்த நகலை எவ்வளவு காலம் புதியதாகக் கருதலாம் என்று சொல்லும் வரி ஒன்று உண்டு. அதில் குறைந்த அளவாக 10080 நிமிடங்கள் என்று எழுதினேன். அதாவது ஏழு நாள். தளம் வேறு கால அளவைச் சொன்னாலும் பொருட்படுத்தாதே, 'மீளேற்று' பொத்தானை அழுத்தினாலும் இணையத்திற்குப் போகாதே என்று இரண்டு கட்டளைகளையும் சேர்த்துவிட்டேன்.

அப்போது தம்பி ஓர் உயர்கல்வி நிலையத்தில் இடம் கேட்டு விண்ணப்பித்திருந்தான். முடிவு வந்துவிட்டதா என்று தினமும் இரவில் பார்ப்பான். 'முடிவுகள் விரைவில் வெளியிடப்படும்' என்ற அதே வரிதான் இருக்கும். மீளேற்றுவான். மீண்டும் அதே வரி. ஆறாம் நாள் மாலை, கோல சிலாங்கூரில் இருந்த அவன் நண்பன் தொலைபேசியில் அழைத்தான். தனக்கு இடம் கிடைத்துவிட்டதாகவும் முடிவு வெளியாகி ஐந்து நாள் ஆகிவிட்டதாகவும் சொன்னான். இடத்தை ஏற்றுக்கொள்வதாகத் தெரிவிக்க ஏழு நாள்தான் அவகாசமாம்.

"அக்கா, நம்ம சோத்தோங் பொய் சொல்லுது," என்றான் தம்பி. அவன் குரல் உடைந்திருந்தது.

உலாவியின் சேமிப்பை அழித்துப் பார்த்தேன். இணைப்பைத் துண்டித்து மீண்டும் அழைத்தேன். பயனில்லை. பிறகுதான் ஸ்குவிட்டின் பதிவேட்டைத் திறந்தேன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதில் ஒரு வரி இருக்கும். 'மிஸ்' என்றிருந்தால் பக்கம் இணையத்திலிருந்து வந்தது. 'ஹிட்' என்றிருந்தால் சேமிப்பிலிருந்து வந்தது. அந்த முகவரிக்கு எதிரே முதல் நாள் ஒரே ஒரு 'மிஸ்'. அதன்பிறகு எல்லாம் 'ஹிட்', 'ஹிட்', 'ஹிட்'. கடைக்காரர் ஆறு நாளாகப் பழைய நாளிதழையே இன்றையது என்று நீட்டிக்கொண்டிருந்தார். அப்படிச் செய்யச் சொன்னவள் நான்.

சோத்தோங் பொய் சொல்லவில்லை, நான்தான் தவறு செய்தேன் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை. 10080ஐ அழித்துச் சுழியம் என்று எழுதினேன். அந்த இரண்டு கட்டளைகளையும் நீக்கினேன். அமைப்பை மீண்டும் படிக்குமாறு ஸ்குவிட்டுக்கு ஆணையிட்டேன். பதிவேட்டில் 'மிஸ்' விழுந்தது. பக்கம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அடையாள அட்டை எண்ணைத் தம்பியே தட்டினான். அவனுக்கு இடம் கிடைத்திருந்தது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை நாள் இருக்கு?" என்று மட்டும் அப்பா கேட்டார். இரண்டு நாள் என்றேன். மறுநாள் அவர் லாரியை எடுக்கவில்லை. விடியுமுன்பே தம்பியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பட்டணத்தில் படிவத்தை அச்சிட்டு, நேரிலேயே கொடுத்துவிட்டு, இருட்டிய பிறகு இருவரும் செம்மண் படிந்த கால்களோடு வீடு திரும்பினார்கள். அந்த மாதம் தொலைபேசி பில் மீண்டும் ஏறியது. அப்பா அதை மடித்து என் மேசைமேல் வைக்கவில்லை.