பாட்டி காதில் விழுந்த 170 ஹெர்ட்ஸ்

விசில் அடித்தபடியே தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள். பேசும்போது இருக்கும் அதிர்வு அங்கே இருக்காது. வீணையில் தந்தி அதிர்கிறது, மிருதங்கத்தில் தோல், நாதஸ்வரத்தில் சீவாளி. விசிலிலும் புல்லாங்குழலிலும் அப்படி அதிர எதுவுமே இல்லை. காற்று தானே சுழன்று, தானே மோதி, தானே சத்தமாகிறது.

இதைப் பற்றி நான் யோசிக்கக் காரணம் எங்கள் பாட்டி.

முடிச்சூரில் நான்காவது மாடிக்குக் குடிவந்த முதல் ஆடி மாதம். "ராத்திரி பால்கனியில யாரோ முனகுறாங்கடா" என்றார் பாட்டி. அப்பாவுக்குக் கேட்கவில்லை. அம்மாவுக்கும் கேட்கவில்லை. இருவரும் கதவைச் சாத்தி, ஃபேனைச் சுழலவிட்டு உள்ளறையில் தூங்குபவர்கள். பாட்டிக்கு மூட்டுவலி. ஃபேன் இல்லாமல் ஹாலில், பால்கனிக் கதவை ஒட்டிப் பாய் விரித்துப் படுப்பார்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஷீட் வீட்டில் இருந்தோம். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று கூரையை ஓலமிட வைத்தது. அன்று சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பாட்டிக்கு, காற்றுச் சத்தம் என்றாலே இன்றும் கை நடுங்கும். அதனால் வீட்டில் எல்லோரும் 'பயம், பிரமை' என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்ட மறுநாள் காலை, பாத்ரூம் வாசலில் பாட்டி தடுமாறி விழப் போனார். அம்மா தாங்கிப் பிடித்தார். 78 வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

எனக்கு நைட் ஷிஃப்ட். வீடு திரும்ப இரண்டு மணி ஆகும். அப்படித் திரும்பிய ஓர் இரவில், மேற்கிலிருந்து நல்ல காற்று. 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். ஏறும், இறங்கும், நிற்கும், மறுபடி வரும். மொபைலில் சத்தத்தின் அதிர்வெண்ணைக் காட்டும் இலவச ஆப் ஒன்றை இறக்கிப் பார்த்தேன். 170 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்மையான முனை எழுந்து நின்றது.

மூன்றாவது மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் விமானப் பொறியியல் ஆராய்ச்சி செய்கிறார். (1949-ல் ராஜம் தொடங்கிய கல்லூரி. அப்துல் கலாமும் நம் சுஜாதாவும் படித்த இடம்.) ஸ்கிரீன் ஷாட்டைக் காட்டியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி: "பால்கனிக் கம்பி எவ்வளவு தடிமன்?"

அளந்தேன். 12 மில்லிமீட்டர்.

"காத்து செகண்டுக்கு பத்து மீட்டர்னு வெச்சுக்கோ. அதை 0.2-ஆல பெருக்கி, கம்பியோட தடிமனால வகு." விடை 167. இந்த 0.2-க்கு ஸ்ட்ரௌஹால் எண் என்று பெயர். கம்பிகள் காற்றில் பாடுவதை 1878-ல் அளந்து எழுதிய செக் இயற்பியலாளரின் பெயர் அது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் நின்றவர்களுக்கு இது புரியும். ஓடும் நீரில் நிற்கிற மின்கம்பத்துக்குப் பின்னால் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் ஒரு சுழி, வலப்பக்கம் ஒரு சுழி என்று மாறி மாறிக் கழன்று போகும். காற்றிலும் அதேதான், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒவ்வொரு சுழி கழலும்போதும் கம்பியை ஒரு பக்கம் தள்ளுகிறது, கம்பி பதிலுக்குக் காற்றைத் தள்ளுகிறது. நொடிக்கு 170 தடவை இப்படி நடந்தால் அது முனகல். வயதானால் முதலில் மங்குவது உச்ச ஸ்தாயி. இந்த மாதிரிக் கீழ் ஸ்தாயி பெரும்பாலும் தப்பித்துவிடும். பாட்டியின் காது சரியாகத்தான் இருந்தது.

"இவ்வளவு சுலபமா? அப்புறம் நீங்க ஏன் வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றீங்க?" என்று கேட்டேன். அக்கா சிரித்தார். ஸ்வரம் எது என்று சொல்வதுதான் சுலபமாம். எவ்வளவு சத்தம், எந்தப் பக்கம், எத்தனை தூரம் என்று கம்ப்யூட்டரில் கணித்துச் சொல்வதுதான் தலைவலி.

நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1 லட்சம் பாஸ்கல். நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சு அதில் உண்டாக்கும் ஏற்ற இறக்கம் 0.02 பாஸ்கல் அளவு. ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு! அன்றைய காற்று கம்பியில் மோதும் அழுத்தமோ 60 பாஸ்கல். அதைக் கணிப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும், அந்தப் பிசகே பேச்சுச் சத்தத்தைவிடப் பெரிது. "கல்யாண மண்டபத்துல எல்லாரும் பந்திக்கு ஓடுறப்ப, ஒருத்தியோட கொலுசுச் சத்தத்தை மட்டும் பிரிச்சுக் கேக்கிற மாதிரி" என்றார் அக்கா. கணக்கு போடும் முறையிலேயே வரும் பிழை, சத்தம் போல வேடம் போட்டு வந்து நிற்குமாம்.

இன்னொரு சிக்கல், அளவு. காற்றோட்டத்தைக் கணிக்க இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்ட வேண்டும். கம்பியை ஒட்டி நடப்பதைப் பிடிக்க மில்லிமீட்டரைவிடச் சிறிய கட்டங்கள் வேண்டும். ஆனால் 170 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் 2 மீட்டர். மூன்று மீட்டர் நீள, அகல, உயரமுள்ள எங்கள் ஹாலை ஒரு மில்லிமீட்டர் கட்டங்களால் நிரப்பினாலே 2,700 கோடி கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும், நொடியின் ஒவ்வொரு துணுக்குக்கும் கணக்கு போட வேண்டும். போதாததற்கு, கணிக்கும் இடத்தின் எல்லையில் அலை முட்டித் திரும்பி வரும், கிணற்றுக்குள் கத்தினால் வருவதுபோல. அதை உறிஞ்ச எல்லையைச் சுற்றி ஒரு பகுதியை ஒதுக்குகிறார்கள். அதற்கு ஸ்பாஞ்ச் என்றே பெயர்!

இதற்கு ஒரு வழி கிடைத்தது 1952-ல். மான்செஸ்டரில் இருந்த ஜேம்ஸ் லைட்ஹில், காற்றோட்டச் சமன்பாடுகளையே கொஞ்சம் மாற்றி அடுக்கி, ஒரு பக்கம் ஒலி அலை, மறு பக்கம் அதை உண்டாக்கும் சுழல்கள் என்று பிரித்து எழுதினார். கம்பிக்குப் பக்கத்தில் மட்டும் நுணுக்கமாகக் கணித்தால் போதும், அங்கிருந்து கேட்பவர் காது வரைக்கும் சூத்திரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அசையாத பொருள்களுக்கு 1955-ல் கர்ல் அதை நீட்டினார். ஹெலிகாப்டர் இறக்கை போல நகர்பவற்றுக்கு 1969-ல் ஃபோக்ஸ் வில்லியம்ஸும் ஹாக்கிங்ஸும் (கருந்துளை ஹாக்கிங் இல்லை, இவர் வேறு). லைட்ஹில் ஒரு நீச்சல் பைத்தியம். சார்க் என்ற தீவை நீந்தியே சுற்றி வந்தவர். 1998-ல் அதே தீவைச் சுற்றி நீந்தும்போதுதான் இறந்தார்.

பொழிச்சலூர், பம்மல் பக்கம் இருப்பவர்களுக்கு லைட்ஹில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். ஜெட் காற்றின் வேகம் பாதியானால், அதே அகலமுள்ள ஜெட்டின் சத்த ஆற்றல் பாதியாகாது, 256-ல் ஒரு பங்காகிவிடும். புது விமானங்களின் இன்ஜின் குண்டாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுகிறது. ஆனால் மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானம் சக்கரங்களை வெளியே நீட்டிக்கொண்டு வருகிறதே, அந்தச் சக்கரத் தண்டுகளில் மோதும் காற்றும் தனியாக ஒரு சத்தம் போடுகிறது. எங்கள் பால்கனிக் கம்பியின் பெரியப்பா. அக்கா கணித்துக்கொண்டிருப்பது அதைத்தான். ஒரு கணக்கு ஓடி முடிய நாள்கணக்கில் ஆகிறது.

கம்பிக்கு வைத்தியம் சொன்னதும் அவர்தான். உயரமான இரும்புப் புகைபோக்கிகளின் தலையில் திருகாணி போலத் தகடு சுற்றியிருப்பதைப் பார்த்திருக்கலாம். அது சுழிகள் ஒரே நேரத்தில், ஒரே சீராகக் கழலாமல் கலைத்துவிடும். சண்முகம் சாலையில் மெல்லிய தேங்காய்நார்க் கயிறு வாங்கி வந்து, ஒவ்வொரு கம்பியிலும் இடைவெளி விட்டுச் சுற்றினோம். பாட்டிதான் முடிச்சுப் போட்டார். அடுத்த காற்றுக்கு ஆப்பில் அந்த முனை எழவில்லை. மாத்திரையை அப்பாவே எடுத்து வைத்துவிட்டார். டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி நிறுத்தியாயிற்று.

பால்கனி பார்க்க இப்போது கொஞ்சம் பரண் மாதிரிதான் இருக்கிறது. எதிர் ஃப்ளாட் மாமி வந்து பார்த்துவிட்டு, "என்னடா, திருஷ்டிக்கா?" என்றார். பாட்டி அவரை உட்காரவைத்து, 12 மில்லிமீட்டரில் ஆரம்பித்தார்.