பழைய வண்டியும் புதிய கால்களும்

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, யாது எழுதுவதென நாம் சிலநாள் மயங்கினோம். எம்முடன் பயின்றோருட் பலர் சட்டம், மருத்துவம், சமயம் முதலியன பற்றி எழுத வல்லவர். எமது அறிவோ இரும்போடும் எண்ணெயோடும் நின்றுவிட்டது. ஆதலின், கனடாவில், ரொறன்ரோ நகரின் புறத்தேயுள்ள எம் வீட்டுக் கொட்டிலில், பழைய பிக்அப் வண்டியொன்றின் முன்னச்சை நீக்கி வேறொரு காரின் முன்பகுதியைப் பொருத்திய கதையையே எழுதத் துணிந்தோம். இரும்பின் கதையாயினும், எம் கல்லூரி விளையாட்டுத் திடலிலே வந்து முடிவதனால், இம்மலரில் இடம்பெறத் தகுமென நம்புகிறோம்.

வண்டி 1964ஆம் ஆண்டின் மேர்க்குரி எம்-100. போர்ட் நிறுவனத்தார் கனடாவிலே மேர்க்குரி என்னும் பெயரில் 1968 வரை விற்ற வகையைச் சேர்ந்தது. பெயரும் சில அலங்காரங்களும் நீங்கலாக அது போர்ட் எஃப்-100 வண்டியேயாம். அதன் முன்சில்லுகள் இரண்டையும் ஒரே உருக்கு அச்சுத் தாங்கிநிற்கும். அவ்வச்சைத் தகட்டுவில்கள் தாங்கும். நம்மூர் மாட்டுவண்டியை அறிந்தவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஒரு சில்லுப் பள்ளத்தில் இறங்கினால் மற்றையதும் உடன்சாயும். பாரம் சுமக்கவும் பண்ணைப் பாதையிற் செல்லவும் அவ்வமைப்பு ஏற்றதே. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் 401ஆம் நெடுஞ்சாலைக்கு, அறுபதாண்டு தேய்ந்த அந்த அச்சு ஏற்றதன்று.

இவ்வுண்மையை ஒரு மழைநாள் எமக்கு உணர்த்தியது. எம் மகன் வண்டியைச் செலுத்த, நாம் அருகில் அமர்ந்திருந்தோம். சில்லொன்று குழியில் விழுந்தது. வண்டி தானாகவே அடுத்த ஒழுங்கைக்குத் தாவியது. பிரேக்கை அழுத்த, அது ஒருபுறமாக இழுத்தது. பின்னால் வந்த பாரவண்டியின் ஒலி இன்றும் எம் செவியில் உள்ளது. வீடு சேரும்வரை இருவரும் பேசவில்லை. இறங்கியபின், “இதை விற்றுவிடுவோமா, அப்பா?” என்றான். நாம் விடை கூறவில்லை. விற்றால் வேறொருவர் பிள்ளையன்றோ அதில் ஏறும்?

ஆதலின் திருத்தவே முடிவுசெய்தோம். முன்பகுதியைத் தரவல்ல காராகக் கிரவுண் விக்ரோறியாவைத் தெரிந்தெடுத்தோம். பொலிசாரும் வாடகைக்கார் ஓட்டுநரும் பல்லாண்டு விரும்பிப் பயன்படுத்திய இக்கார், இதே ஒன்ராறியோ மாகாணத்துச் சென்ற் தோமஸ் நகரருகே செய்யப்பட்டது. 2011 இல் அதன் உற்பத்தி நின்றது. 2003ஆம் ஆண்டு முதல் வந்தவற்றின் முன்பகுதி புதியது. அலுமினியக் குறுக்குச்சட்டம், சில்லுகளைத் தனித்தனியே தாங்கும் கைகள், சுருள்வில்கள், பற்சட்ட ஸ்டியரிங், தட்டுப் பிரேக்குகள் ஆகிய யாவும் ஒரே தொகுதியாகக் கழன்றுவரும். பழைய கார்கள் உடைக்கும் முற்றத்தில், ஓடி ஓய்ந்த வாடகைக்கார் ஒன்றிலிருந்து அதனைப் பெற்றோம்.

அலுமினியத்தை உருக்கோடு உருக்கி ஒட்டுதல் இயலாது. ஆகவே வண்டியின் நெடுஞ்சட்டங்களிலே தடித்த உருக்குத் தகடுகளை ஒட்டி, அவற்றிலே தொகுதியைச் சுரையாணிகளாற் பிணைக்கவேண்டும். நெடுஞ்சட்டம் ஒருபுறம் திறந்த வாய்க்கால் போன்றது. ஆதலால் அவ்விடத்தில் அதனை அடைத்துப் பெட்டிபோலாக்கி வலுவூட்டவேண்டும். பழைய பிரேக் அமைப்பு ஒரே சுற்று உடையது. எங்கேனும் ஒழுகினால் நான்கு சில்லுகளுக்கும் பிரேக் இல்லை. ஆகவே இருசுற்று அமைப்பையும் சேர்த்தோம். விக்ரோறியாவின் முன்பகுதி அகலமானது. பழைய வட்டுகளைப் பூட்டினால் ரயர்கள் மட்காட்டுக்கு வெளியே நிற்கும். எனவே உட்புறமாக அமையும் வட்டுகளையும் அக்காரிலிருந்தே எடுத்தோம்.

பழைய அச்சைக் கழற்றுமுன் சில்லின் நடு எங்கு நிற்கிறதென்று தூக்குக்குண்டு விட்டுச் சட்டத்திற் குறித்தல் வேண்டும். நாம் இடப்புறத்தில் அதனைச் செய்யாது, சட்டத்தின் முன்முனையிலிருந்து அளந்து குறித்தோம். அம்முனை என்றோ மோதி வளைந்திருந்ததை நாம் கவனிக்கவில்லை. வெல்டிங் தொழிலிற் கைதேர்ந்த அயலவர் ஒருவர் வந்து தகடுகளை அழகாக ஒட்டித் தந்தார். தொகுதியும் ஏறியது. கண்ணுக்கு யாவும் செம்மையாகவே தோன்றியது.

மறுநாட் காலை, பின்சட்டத்துத் துளைகளிலிருந்து எதிர்ப்புற முன்சில்லின் நடுவரை, மூலைக்கு மூலை நாடா பிடித்தோம். இரண்டும் ஏறத்தாழ அரை அங்குலம் வேறுபட்டன. சில்லொன்று பின்தங்கி நின்றது. “மெல்லிய தகடுகளை இடையிற் செருகிச் சில்லுகளை நேராக்கிவிடலாம். யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்?” என்றார் அயலவர். அவர் கூறியதிற் பொய்யில்லை. சில்லுகள் நேர்நோக்கும், ஆனால் வண்டியோ சற்றே கோணலாய் ஓடும், கடுமழையில் பிரேக் பிடிக்குந்தோறும் ஒருபுறம் நாடும்.

“யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்?” இச்சொல்லை நாமே முன்னொருகால் மொழிந்திருக்கிறோம். விளையாட்டுப் போட்டிக்கு முன்னைய மாலையொன்றிற் கரப்பந்தாட்டத் திடலுக்குக் கோடு போடும் பணி எம்மிடம் விடப்பட்டது. நாற்புறமும் அளவு சரி. கணித ஆசிரியர் வந்து, “மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பாருங்கள்” என்றார். பிடித்தோம், ஒன்று நீண்டது, மற்றது குறுகியது. திடல் சாய்ந்திருந்தது. இருட்டுகிறதே, யார் கண்டுகொள்ளப் போகிறார்கள் என்றோம். அவர் வையவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தம் காலாலேயே சுண்ணாம்புக் கோட்டை அழிக்கத் தொடங்கினார். நாம் நாணி ஓடிச்சென்று கயிற்றை மீண்டும் பிடித்தோம். கோடு போட்டு முடிகையில் நிலவு எழுந்திருந்தது.

இடப்புறத் தகட்டை வெட்டியெடுக்க ஒரு முழுநாளும், சட்டத்தைத் தேய்த்துத் துப்புரவாக்க மற்றுமொரு நாளும் சென்றன. அயலவர் முதலில் முகஞ்சுளித்தார். பின்னர் தாமே வந்து மறுபடி ஒட்டித் தந்தார். இம்முறை மூலைக்கு மூலை அளவு ஒத்தது. சில்லு நேர்பார்க்கும் நிலையத்தாரும் குறை காணவில்லை.

இன்று அவ்வண்டி வளைவிலே திரும்பியபின் ஸ்டியரிங் தானாகவே நேர்நிலைக்கு மீளுகின்றது. பழையன பேணுவோர் சிலர், வண்டியின் பழமையைக் கெடுத்துவிட்டீர் என்பர். அவர் கூற்றிலும் நியாயமுண்டு. பழைய அச்சை எண்ணெய் பூசிக் கொட்டிலில் வைத்திருக்கிறோம். சென்ற மழைக்காலத்தில் எம் மகன் தனியே அவ்வண்டியை 401இற் செலுத்திச் சென்றான். நாம் வாயிலில் நின்று வழியனுப்பிவிட்டு, அமைதியாக உள்ளே வந்து தேநீர் அருந்தினோம். அவ்வமைதியை எமக்குத் தந்தவர், என்றோ ஒரு மாலையிற் கோட்டைக் காலால் அழித்த அப்பெரியாரேயாவர். இன்று அத்திடலிற் கோடு போடும் மாணவத் தம்பியர் கயிற்றை மூலைக்கு மூலை பிடிக்க மறவாதிருப்பாராக.